விரல் சொடுக்கினால் வீரன்: கோழை நாயகனின் வாள்சண்டைப் படம் எப்படி இயங்குகிறது?

கோழையின் இயல்பு ஓடுவது. வாள்சண்டைப் படத்துக்கு ஒரு கோழையை நாயகனாகப் போட்டால் வரும் முதல் சிக்கலே அதுதான். வில்லன் வாளை உருவியதும் நாயகன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான், பத்தாவது நிமிடத்தில் படம் முடிந்துவிடும். அவனை ஒன்றரை மணி நேரம் ஓடவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். அதே சமயம் அவன் கோழையாகவே இருக்கவும் வேண்டும், நடுவில் திருந்தி வீரனாகிவிட்டால் சிரிப்பு நின்றுபோகும். இந்த வகைப் படங்களின் வேலைப்பாடு முழுவதும் இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாகக் கட்டிப்போடுவதில் இருக்கிறது.

எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க மிக வசதியான படம், 1956-ல் திரைக்கு வந்த 'தி கோர்ட் ஜெஸ்டர்'. தமிழில் 'அரசவைக் கோமாளி' என்று சொல்லலாம். பாரமவுன்ட் நிறுவனத்தின் படம், ஓடும் நேரம் 101 நிமிடம். நார்மன் பனாமா, மெல்வின் ஃபிராங்க் இருவரும் சேர்ந்து எழுதி, தயாரித்து, இயக்கினார்கள். நாயகன் டேனி கே, வில்லன் பேசில் ராத்போன். அதுவரை வந்த நகைச்சுவைப் படங்களிலேயே அதிகச் செலவு பிடித்தது என்று பேசப்பட்டது. வெளியானபோது போட்ட பணம் திரும்பவில்லை. 2004-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'ஸ்வாஷ்பக்ளர்' என்று பெயர். 'பக்ளர்' என்பது கையில் பிடிக்கும் சிறிய வட்டக் கேடயம். 'ஸ்வாஷ்' என்றால் சத்தம் எழ அடிப்பது. 16-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் குறித்தது மாவீரனை அல்ல; வாளால் கேடயத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு தெருவில் மார்தட்டித் திரிந்த சவடால் பேர்வழியை. கயிற்றில் தொங்கி மாடம் தாண்டும் அழகான வீரன் என்ற பொருள் பிற்பாடு வந்தது. ஆக, இந்தப் பெயருக்குள் வாய்ச்சொல் வீரன் ஒருவன் தொடக்கம் முதலே குடியிருக்கிறான்.

மேடைக் கோழைகளில் இரண்டு சாதி உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவன் தன் பயத்தை மறைத்துப் பெருமை பேசுபவன். கி.மு. 200-ஐ ஒட்டிய காலத்தில் ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய 'மைல்ஸ் குளோரியோசஸ்' நாடகத்தின் படைவீரன் இந்தச் சாதி. இத்தாலிய முகமூடி நாடகங்களில் வரும் 'கப்பித்தானோ' அவனுடைய வாரிசு. இவன் சாயம் வெளுப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அவன் பக்கம் நிற்பதில்லை. இன்னொருவன் தன் பயத்தை ஒளிக்கத் தெரியாதவன், அல்லது ஒளிக்க விரும்பாதவன். 1944-ல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி பைரேட்' படத்தின் தொடக்கத்தில் கொடூரமான கடற்கொள்ளையன் ஒருவனைக் காட்டுகிறார்கள். உடனே படத்தின் நாயகனான நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் தலையை நீட்டி, அது நான் இல்லை, நான் பிறகு வருவேன், என் வேடம் கோழை என்கிற மாதிரி பார்வையாளர்களிடமே சொல்லிவிட்டுப் போகிறார். இந்த இரண்டாவது சாதிக்காரன்தான் நாயகனாகத் தாங்குவான். நம்மில் பெரும்பாலோர் வாளைக் கண்டால் செய்வதை அவன் செய்கிறான், அதனால் அவன் மேல் கோபம் வருவதில்லை.

அந்தப் படத்திலேயே ஓட்டத்தைத் தடுக்கும் நல்ல உத்தி ஒன்றும் இருக்கிறது. புதையலின் வரைபடத்தை ஹோப்பின் மார்பில் பச்சை குத்திவிடுகிறார்கள். இனி அவர் எங்கே ஓடினாலும் வரைபடமும் கூடவே ஓடும், துரத்துகிறவர்களும் ஓடுவார்கள். ஒரே ஊசியில் எல்லா வாசலும் அடைபட்டுவிடுகிறது.

'தி கோர்ட் ஜெஸ்டர்' வாசல்களை ஒவ்வொன்றாக அடைக்கிறது. களம் இடைக்கால இங்கிலாந்து. ரோடரிக் என்பவன் அரச குடும்பத்தைக் கொன்று அரியணை ஏறியிருக்கிறான். தப்பியது ஒரு கைக்குழந்தை மட்டும். உண்மையான வாரிசு என்பதற்கு அதன் பின்புறத்தில் ஊதா நிறப் பூ வடிவில் மச்சம். 'கருப்பு நரி' என்ற புரட்சித் தலைவனின் கூட்டம் காட்டில் அந்தக் குழந்தையைக் காக்கிறது. நம் நாயகன் ஹாக்கின்ஸ் முன்பு திருவிழாக்களில் வித்தை காட்டியவன். கூட்டத்தில் அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை பாட்டுப் பாடுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும். அதே கூட்டத்தில் ஜீன் என்ற பெண் படைத்தலைவி. கிளினிஸ் ஜான்ஸ் நடித்த வேடம் இது. சண்டை தெரிந்தவள் அவள், தாலாட்டத் தெரிந்தவன் இவன்.

முதல் வாசல் இங்கேயே அடைபடுகிறது: கையில் குழந்தை. குழந்தையைப் போட்டுவிட்டு ஓடுபவன் கோழை ஆகமாட்டான், கயவன் ஆகிவிடுவான். அந்தக் கோட்டைத் தாண்டினால் பார்வையாளர் அவனைக் கைவிட்டுவிடுவார்கள். எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். தன் உயிருக்குப் பயப்படலாம். பிறர் உயிரை விலையாகக் கொடுத்துத் தப்பக் கூடாது.

இரண்டாவது வாசலை ஆள்மாறாட்டம் அடைக்கிறது. குழந்தையோடு போகும் வழியில் ஹாக்கின்ஸும் ஜீனும் ஜியாகோமோ என்ற பெயர்பெற்ற கோமாளியைச் சந்திக்கிறார்கள். ஜான் கேரடைன் ஏற்ற சிறிய வேடம். அவனை மயங்க அடித்துவிட்டு, ஹாக்கின்ஸ் அவன் உடையில் அரண்மனைக்குள் நுழைகிறான். உள்ளே போன பிறகு உண்மையைச் சொன்னால் தலை போகும், ஓடினாலும் போகும். போதாததற்கு அந்த ஜியாகோமோ கோமாளி மட்டுமல்ல, காசுக்குக் கொலை செய்பவனும்கூட. ராத்போன் நடிக்கும் ரேவன்ஹர்ஸ்ட் பிரபு, தனக்கு இடைஞ்சலான மூன்று பேரைத் தீர்க்க அவனை வரவழைத்திருக்கிறார். ஹாக்கின்ஸுக்கு இது தெரியாது. அந்த மூவரையும் வேறொருத்தி தன் காரணத்துக்காக விஷம் வைத்துக் கொல்கிறாள். ரேவன்ஹர்ஸ்டோ கோமாளியின் கைத்திறனை மெச்சுகிறார். கோழை ஒரு விரலும் அசைக்காமல் அவனுக்குக் கொடும்புகழ் சேர்கிறது. இந்த வகையில் இது ஒரு சூத்திரம் என்றே சொல்லலாம்: கோழையின் பெயர் அவனை விட வேகமாக வளர வேண்டும். பெயர் வளர வளர, அவனிடம் மோத வருகிறவர்களின் தரமும் ஏறும்.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றத்தையும் கவனிக்கலாம். ஸோரோ போன்ற பழைய வாள்சண்டைக் கதைகளில் மாவீரன் ஒருவன் பகலில் பயந்தாங்கொள்ளிச் சீமானாக நடிப்பான், இரவில் முகமூடி போட்டு வாள் வீசுவான். பனாமாவும் ஃபிராங்கும் அந்தச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டார்கள்: பயந்தாங்கொள்ளி ஒருவன் மாவீரனாக நடிக்கிறான். அவர்களுக்கு இது புதிதும் அல்ல. 1946-ல் பாப் ஹோப் நாவிதராக வந்து பிரபுவாக வேடமிடும் 'மோன்சியர் போகேர்' படத்தின் திரைக்கதையும் அவர்களுடையதுதான்.

சரி, எல்லா வாசலும் அடைத்தாயிற்று. ஆனால் வாள்சண்டைப் படம் பார்க்க வந்தவருக்கு நல்ல வாள்சண்டை ஒன்று வேண்டும் அல்லவா? சண்டையே தெரியாதவன் எப்படி அதைக் கொடுப்பான்? இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, ஆளை இரண்டாக்குவது. வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' 2006-ல் கையாண்டது இந்த வழி: கோழை அரசன் ஒருவன், அவனோடு பிறந்த வீரன் இன்னொருவன், இருவருக்கும் ஒரே முகம். மற்றது, ஒரே உடம்புக்குள் இருவரையும் வைப்பது. 'தி கோர்ட் ஜெஸ்டர்' போனது இரண்டாவது வழி.

இளவரசி குவென்டலினுக்கு (ஏஞ்சலா லான்ஸ்பரி) கிரிஸ்வோல்ட் என்ற முரட்டு வீரனை மணக்க விருப்பமில்லை. காதலன் வருவான் என்று தோழி கிரிசெல்டா ஆரூடம் சொல்லியிருக்கிறாள், வராவிட்டால் கிரிசெல்டாவின் உயிருக்கு ஆபத்து. மில்ட்ரெட் நாட்விக் நடித்த இந்த மந்திரக்காரி, கையில் அகப்பட்ட கோமாளியை வசியம் செய்துவிடுகிறாள். விரலைச் சொடுக்கினால் அவன் உலகம் கண்டிராத காதல் வீரன். மறுபடி சொடுக்கினால் பழைய ஹாக்கின்ஸ்.

இந்தச் சொடுக்கு நன்றாக வேலை செய்வதற்குக் காரணங்கள் உண்டு. அது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது, ஒரு நொடிதான் பிடிக்கிறது. விளக்க வசனமே தேவையில்லை. யார் வேண்டுமானாலும் சொடுக்கலாம் என்பதால், பேச்சுவாக்கில் விரலைச் சொடுக்குகிற எவரும் ஆபத்தானவராகிறார். முக்கியமாக, மயக்கத்தில் நடந்தது அவனுக்கு நினைவிருப்பதில்லை. இளவரசியிடம் காதல் மொழிந்தது இவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வீரன் வாங்கிய கடனைக் கோழை கட்ட வேண்டியிருக்கிறது. நினைவு இருந்துவிட்டால் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிவு பழகியிருப்பான், மேலே சொன்ன இரண்டாவது தேவை கெட்டுப்போயிருக்கும்.

அந்தக் கடனில் பெரியது கிரிஸ்வோல்டுடன் மோதல். ஆனால் நைட் பட்டம் பெற்ற வீரன், பட்டம் இல்லாதவனோடு களத்தில் மோதக் கூடாது. அதனால் ஹாக்கின்ஸுக்கு அவசர அவசரமாகப் பட்டம் கட்டுகிறார்கள். அந்தக் காலத்து முறைப்படி 7 வயதில் பிரபு வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்து, 14 வயதில் வீரனின் உதவியாளாகி, 21 வயதுவாக்கில் கிடைக்க வேண்டிய பட்டம். இங்கே அது சில நிமிடங்களில் முடிகிறது. சோதனைகளை அவனே செய்வதில்லை. அவனைத் தூக்கிப்போட்டுத் தேற வைக்கிறார்கள். சடங்கின் அணிவகுப்பு பாட்டின் வேகத்துக்கு ஏற்ப விரைகிறது, நடுவில் ஹாக்கின்ஸ் இழுபடுகிறான். இந்தக் காட்சி சிரிப்பூட்டுவது ஹாக்கின்ஸால் மட்டும் அல்ல. சுற்றிலும் இருக்கும் வீரர்கள் இம்மியும் பிசகாமல் அடியெடுத்து வைப்பதால்தான் அவன் ஒருவனுடைய தடுமாற்றம் பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் தடுமாறினால் அது வெறும் நெரிசல்.

அடுத்து வருவதுதான் படத்தின் பெயரை நிலைநிறுத்திய பகுதி. மோதலுக்கு முன் இருவரும் மது அருந்த வேண்டும். கிரிசெல்டா ஒரு பாத்திரத்தில் விஷ உருண்டையைப் போட்டுவிட்டு, எது எது என்று ஹாக்கின்ஸிடம் சொல்கிறாள். விஷம் இருப்பது இடிக்கும் குழவியின் உருவம் கொண்ட பாத்திரத்தில், அதாவது 'வெஸ்ஸல்', 'பெஸ்ஸல்'. நல்ல மது இருப்பது அரண்மனைக் கிண்ணத்தில், அதாவது 'சாலிஸ்', 'பாலஸ்'. நம் யாப்பில் இதை எதுகை என்போம். செய்யுள் மனத்தில் நிற்பதற்காகப் புலவர்கள் வைத்த ஆணி அது. ஆனால் வரியில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் எந்தச் சொல்லும் எந்த இடத்திலும் பொருந்திவிடும். 'பெல்லட்', 'பாய்சன்', 'வெஸ்ஸல்', 'பெஸ்ஸல்' என்று ஓடும்போது நாக்கு இடறுவது சின்ன விஷயம். 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' சொல்லும்போதும் நாக்கு இடறும். இங்கே இடறினால் உயிர் போகும், அதுதான் வேறுபாடு.

ஒருவழியாக ஹாக்கின்ஸ் மனப்பாடம் செய்து முடிக்கும்போது, கிண்ணம் உடைந்துவிட்டது என்று செய்தி வருகிறது. அதற்குப் பதில் பறக்கும் நாகம் பொறித்த குடுவை: 'ஃபிளாகன்', 'டிராகன்'. எழுதியவர்களின் கைத்திறம் தெரிவது இந்த இடத்தில். புதிய சொல் சேர்ந்தது மட்டும் என்றால் பரவாயில்லை, விஷமும் இடம் மாறிவிட்டது. முன்பு விஷம் இருந்த குழவிப் பாத்திரத்தில் இப்போது நல்ல மது, புதிய குடுவையில் விஷம். படித்த பாடத்தின் பாதி அப்படியே பொய்யாகிவிட்டது. பழைய வரியைச் சரியாகச் சொன்னாலும் சாவு, புதிய வரியைத் தப்பாகச் சொன்னாலும் சாவு. இதற்குள் கிரிஸ்வோல்டின் ஆளும் ஒட்டுக்கேட்டுவிடுகிறான். களத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து அதே வரியை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்த நகைச்சுவையின் வேர் பழையது. 1933-ல் எடி கேன்டரின் 'ரோமன் ஸ்காண்டல்ஸ்' படத்தில், எதில் விஷம் இல்லை என்பதைக் கொத்தமல்லி போன்ற ஒரு கீரையை வைத்து அடையாளம் காணும் வரி உண்டு. 1939-ல் பாப் ஹோப்பின் 'நெவர் சே டை'யில் துப்பாக்கிகளை வைத்து இதே விளையாட்டு: எதில் குண்டு, எதில் வெற்றுத் தோட்டா, எதன் மேல் சிலுவைக் குறி, எதன் மேல் வெட்டுத்தடம். அவற்றில் இல்லாமல் 1956-ல் வந்தது அந்த நடுவழி மாற்றம்.

இன்னொன்று. இத்தனை அமர்க்களத்துக்குப் பிறகு அந்த விஷத்தை யாரும் குடிப்பதில்லை. ஹாக்கின்ஸின் இரும்புக் கவசத்தை மின்னல் தாக்கி அது காந்தமாகியிருக்கிறது. இருவரின் கவசங்களும் இழுபடுகிற கூத்தில் பொறுமையிழந்த அரசன், மதுச் சடங்கு போதும், சண்டையைத் தொடங்குங்கள் என்று சொல்லிவிடுகிறான். யாராவது குடித்திருந்தால் சிரிப்பு ஒரு பிணத்தில் போய் முடிந்திருக்கும்.

இனி வாள். ராத்போன் இந்தப் படத்துக்கு வந்தது தற்செயலாக அல்ல. 1935-ல் 'கேப்டன் பிளட்', 1938-ல் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' இரண்டிலும் எரோல் ஃபிளினிடம் வாளால் மடிந்த வில்லன் அவர். 1940-ல் 'தி மார்க் ஆஃப் ஸோரோ'வில் டைரோன் பவரிடம். திரையில் தோற்றுக்கொண்டே இருந்தாலும், நிஜத்தில் வாள்பயிற்சியில் தேர்ந்தவர். 1892-ல் பிறந்தவர், இந்தப் படத்தின்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் இங்கே கேலி செய்வதில்லை, கண் சிமிட்டுவதில்லை. பழைய படங்களில் நின்ற அதே நிமிர்வோடு நிற்கிறார். அப்படி ஓர் ஆள் எதிரே இல்லாவிட்டால் ஹாக்கின்ஸின் பயத்துக்குக் காரணமே இருந்திருக்காது. இந்த வகையில் வந்து தோற்ற பல படங்களில் வில்லனும் கோமாளியாக இருப்பதைப் பார்க்கலாம். அட்டை வாளுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

திரை வாள்சண்டையின் அடிப்படை தெரிந்தால் கோழையின் சண்டை ஏன் அதிகக் கடினம் என்பது புரியும். வெட்டுக்கு ஐந்து இலக்குகள் என்று வைத்துக்கொள்வது வழக்கம்: தலை, இரண்டு தோள் பக்கம், இரண்டு இடுப்புப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு. இவற்றை எண்களாக்கி, நடன அடவுபோல் சிறு சிறு கோவைகளாக மனப்பாடம் செய்வார்கள். முதலில் மிக மெதுவாக, பிறகு படிப்படியாக வேகம் கூட்டி. வாளின் நுனி எதிராளியின் உடம்புக்கு ஒரு சாண் தள்ளியே நிற்கும்படி தூரத்தை அளந்துகொள்வார்கள். ஒவ்வொரு கோவைக்கும் முன் கண்ணும் கண்ணும் சந்திக்க வேண்டும். வெட்டப் போகிறவர் ஓங்கிக் காட்டுவார், எதிராளி தடுப்பை எடுப்பார், அதைப் பார்த்த பிறகே வெட்டு இறங்கும்.

கோழையாக நடிப்பவர் இந்த விதிகள் எல்லாவற்றையும் மீறுவதுபோல் தோன்ற வேண்டும். கண்ணை மூடிக்கொள்வான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், தடுமாறித் தூரத்தைக் குறைப்பான். உண்மையில் ஒன்றைக்கூட மீறக் கூடாது. கண் பார்க்காத இடத்தில் மனத்துக்குள் எண்ணிக்கை ஓட வேண்டும், தவறான அடி சரியான எண்ணில் விழ வேண்டும். பயிற்சி இல்லாத நடிகர் நிஜமாகவே கண்டபடி வீசினால் எதிரே நிற்பவர் எதைத் தடுப்பது? விபத்துக்குப் பயந்து இயக்குநர் நெருக்கக் காட்சிகளாக வெட்டி ஒட்டுவார். முழு உடம்பும் தெரியாமல் போகும், சிரிப்பும் போகும். டேனி கே பயிற்சி எடுத்துக்கொண்டார். அவர் கை போன வேகத்துக்கு ஈடுகொடுக்க, சில காட்சிகளில் ராத்போனுக்குத்தான் மாற்று ஆள் தேவைப்பட்டது. படம் எடுத்த முறையும் இதற்குத் துணை. படச்சுருளைப் படுக்கவாட்டில் ஓட்டிப் பெரிய சட்டத்தில் பதியும் 'விஸ்டாவிஷன்' என்ற பாரமவுன்டின் முறை அது. அகலமாக வைத்துத் தலைமுதல் கால்வரை காட்டினாலும் முகத்தின் நடுக்கம் தெளிவாகத் தெரியும்.

இறுதிச் சண்டையில் எல்லாம் கூடிவருகிறது. கிரிசெல்டா மறுபடி வசியம் வைக்க, ஹாக்கின்ஸ் மாபெரும் வாள்வீரனாகிறான். வரிசையாக எரியும் மெழுகுவர்த்திகளின் மேல் வாளை வீசுகிறான். ஒன்றும் நடக்கவில்லை. ரேவன்ஹர்ஸ்ட் ஏளனமாகச் சிரிக்கிறார். ஹாக்கின்ஸ் மெல்ல ஊதுகிறான், மெழுகுவர்த்திகள் துண்டாகிச் சரிகின்றன. 'தி மார்க் ஆஃப் ஸோரோ' பார்த்தவர்களுக்கு இதில் கூடுதல் ருசி. அதில் டைரோன் பவர் ஒரு மெழுகுவர்த்தியை இப்படித்தான் அசையாமல் வெட்டிக் காட்டுவார், எதிரே நின்றவர் இதே ராத்போன்.

அப்புறம் வீரன் கர்வத்தில் தன் விரலைத் தானே சொடுக்கிவிடுகிறான். நடுச்சண்டையில் கோழை விழித்துக்கொள்கிறான், கையில் வாள், எதிரே ராத்போன். மறுபடி ஒரு சொடுக்கு, மறுபடி வீரன். ஒரே சண்டைக்குள் நல்ல வாள்சண்டையும் கோழையின் ஓட்டமும் மாறி மாறி வருகின்றன. முதலில் பார்த்த இரண்டு தேவைகளும் ஒரே காட்சியில் நிறைவேறிவிடுகின்றன. மந்திரம் தீர்ந்த பிறகு ஜீனும் சேர்ந்து ரேவன்ஹர்ஸ்டைக் கல்லெறி பொறியில் வைத்துக் கடலுக்குள் வீசுகிறார்கள். கடைசி வெற்றி வாளால் வருவதில்லை. ஹாக்கின்ஸ் தன் சொந்த அறிவோடு வாள்வீரனாக ஒரு நொடிகூட ஆவதில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை படத்தைச் சாதாரணமாகப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளைக் கீழே ஓடவிட்டு. சில்வியா ஃபைனும் சாமி கானும் எழுதிய பாட்டு வரிகளும் அந்த விஷ வரியும் காதில் மட்டும் விழுந்தால் பாதி தப்பிவிடும். இரண்டாம் தடவை இறுதிச் சண்டையை மட்டும் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சொடுக்கின் ஓசை கேட்காது. ஆனாலும் எந்த நொடியில் வீரன் போய்க் கோழை வந்தான் என்பதை டேனி கேயின் தோள்களை வைத்தே சொல்லிவிட முடியும்.